பத்தொன்பது கசிவுகள்

"தோசை எப்படி இருக்கு?" என்று கேட்டாள் செண்பகம்.

"நல்லாருக்கு" என்றான் பூபாலன்.

செண்பகம் அவன் முகத்தை ஒரு தடவை பார்த்தாள். அவளது இடது கண்ணின் ஓரத்தில் பச்சை நிறத்தில் ஓர் எண் மிதந்தது: நாற்பத்தொன்று. உப்பு டப்பாவை அவன் பக்கம் தள்ளினாள். அவனும் தூவிக்கொண்டான்.

செவ்வாய்க் கிரகத்தின் நான்காம் கவிகையில், காற்றடைத்த அந்தக் குவிகூரை ஊரில், அன்று காலை ஏறக்குறைய எல்லா வீடுகளிலும் இதே பாசிமாவுத் தோசைதான், இதே மாதிரிப் பேச்சுதான். யாரும் கோபித்துக்கொள்ளவில்லை. இதற்கெல்லாம் கோபித்துக்கொள்ளலாம் என்பதே அங்கே பிறந்து வளர்ந்தவர்களுக்குத் தெரியாது.

காரணம் மெய்க்கண். ஐந்து வயதில் இடது கண்ணில் பொருத்தப்படும், வெங்காயச் சருகு பருமனுள்ள ஒரு மெல்லிய சவ்வு. எதிரே பேசுகிறவரின் முகத் தசை, கன்னத்து ரத்த ஓட்டம், கண்மணி விரிகிற வேகம் எல்லாவற்றையும் அளந்து, சொன்ன சொல்லில் எத்தனை சதவீதம் உண்மை என்று ஓரத்தில் காட்டிவிடும். பேசாத முகத்திலும் மகிழ்ச்சி எத்தனை, பகை எத்தனை என்று காட்டும். சட்டம் போட்டு மாட்டிவிட்டார்கள். ஐம்பது வருஷங்களுக்கு முன்னால் இரண்டாம் கவிகையில் ஒரு பொறியாளரிடம், கூரையில் கசிவு ஏதும் உண்டா என்று கேட்டார்கள். தங்கை கல்யாணத்துக்குப் புறப்படுகிற அவசரத்தில் அவர் இல்லை என்றார். முன்னூற்றுப் பதினோரு பேர் காற்றில்லாமல் செத்தார்கள். அன்றிலிருந்து செவ்வாயில் பொய்க்கு இடமில்லை என்று ஆட்சிக்குழு முடிவு கட்டியது.

பொய் போயிற்று. கூடவே 'குழந்தை என்ன அழகு' போயிற்று, 'போதும் போதும், வயிறு நிறைஞ்சிடுச்சு' போயிற்று, துக்க வீட்டில் 'எல்லாம் சரியாயிடும்' போயிற்று. ஆனால் மனுஷனால் எத்தனை காலம்தான் பொய் இல்லாமல் தாக்குப்பிடிக்க முடியும்? ஆறே வருஷத்தில் மனநல மருத்துவமனைகளில் படுக்கை தீர்ந்துபோனது. ஆட்சிக்குழு மண்டையை உடைத்துக்கொண்டு, ஒரே ஓர் இடத்தில் மட்டும் பொய்யை அனுமதித்தது. போக்கர் மேசையில்.

அங்கே உட்காரும் முன் மெய்க்கண்ணைக் கழற்றி ஒரு கண்ணாடிக் கிண்ணத்தில் மிதக்கவிட வேண்டும். அப்புறம் வெறும் கண், வெறும் முகம், கையில் சீட்டு. மாடத்தில் உட்கார்ந்து பார்க்கிறவர்களுக்கு மட்டும் மெய்க்கண் உண்டு. ஆட்டக்காரனுக்குத் தெரியாதது ஐயாயிரம் பேருக்குத் தெரிந்திருக்கும், அதுதான் வேடிக்கையே. பூமியில் கிரிக்கெட் எப்படியோ, செவ்வாயில் போக்கர் அப்படி.

அந்த ஆட்டத்தில் பூபாலன் எட்டு வருஷம் கொடி கட்டிப் பறந்தவன். சீட்டைவிட முகத்தைத்தான் அதிகம் பார்ப்பான். வெறும் கண்ணால் முகம் படிப்பதில் அவனை மிஞ்ச ஏழு கவிகையிலும் ஆள் கிடையாது என்று பேர். அதற்குச் சமமான பேர் அவன் நாக்குக்கும் உண்டு. வாரம் ஒரு முறை ஒலிபரப்பில் உட்கார்ந்து மற்ற ஆட்டக்காரர்களைக் கிழித்துத் தோரணம் கட்டுவான். கைச்சீட்டைக் காட்டிக்கொடுத்துவிடும் முகக்குறிக்குக் 'கசிவு' என்று பெயர் வைத்தவனே அவன்தான். காற்றை அடைத்து வாழ்கிற ஊரில் அதைவிடக் கேவலமான சொல் கிடையாது. அதனாலேயே அது பிடித்துக்கொண்டது. அவன் வாயால் கசிகிறவன் என்று பேர் வாங்கியவர்களில் இரண்டு பேர் சீட்டைத் தொடுவதையே விட்டுவிட்டார்கள். பூபாலன் அதற்காக வருத்தப்படவில்லை. ஆட்டத்தைத்தான் சொன்னேன், ஆளைச் சொல்லவில்லை என்பான். மெய்க்கண்ணில் அது நூற்றுக்கு நூறு காட்டும்.

செண்பகத்தின் வேலை நிஜமான கசிவு பார்ப்பது. கையில் சோப்பு நுரை வாளியும் தூரிகையுமாகக் கவிகையின் சுவரோரமாக நடப்பாள். இணைப்புகளில் நுரை தடவி, எங்காவது குமிழ் விடுகிறதா என்று குனிந்து பார்ப்பாள். கல்யாணமாகிப் பதினான்கு வருஷம். போக்கர் அவளுக்குத் தெரியாது. வாரத்தில் நான்கு நாள் புருஷன் சீட்டாடப் போய்விடுகிறானே, எதிரில் உட்கார்ந்தாவது பார்க்கலாம் என்றுதான் கற்றுக்கொண்டாள்.

அவள் ஆட்டமே தனி தினுசு. நல்ல சீட்டு வந்தால் சிரிப்பாள். மோசமான சீட்டு வந்தால் உதட்டைப் பிதுக்குவாள். எதிரே உட்கார்ந்திருப்பவர்கள் முகத்தை மறைத்தே பழகியவர்கள். மறைக்காத முகத்தை என்ன செய்வதென்று அவர்களுக்குப் புரியவில்லை. இதில் ஏதோ சூது இருக்கிறது என்று தாங்களாகவே குழம்பி, சுற்றை விட்டுக்கொடுத்துச் சீட்டைக் கவிழ்த்துவிடுவார்கள். அப்படியே குழம்பவைத்துக் குழம்பவைத்து, அந்த வருஷம் கவிகைக் கோப்பையின் கடைசி ஆட்டம் வரை வந்துவிட்டாள்.

கடைசி ஆட்டத்தில் எதிரே பூபாலன்.

ஞாயிற்றுக்கிழமை மதியம். ஆடலரங்கம் நிரம்பி வழிந்தது. ஜெயிப்பவருக்குக் கோப்பையோடு ஒரு தொட்டி நிறையத் தண்ணீர். இருநூறு லிட்டர், முழுசாக மூழ்கிக் குளிக்கலாம். ஈரத்துணியால் உடம்பு துடைத்தே வாழ்கிற ஊரில் அதற்காக உயிரைக் கொடுப்பார்கள். காலையில் கிளம்பும்போதே செண்பகம் சொல்லியிருந்தாள், யார் ஜெயித்தாலும் பாதித் தொட்டி அடுத்தவருக்கு என்று.

இரண்டரை மணி நேரம் பந்தயக் காய்கள் இந்தப் பக்கமும் அந்தப் பக்கமுமாக நகர்ந்தன. அப்புறம் கோப்பையை முடிவு செய்கிற அந்தக் கடைசிச் சுற்று. பூபாலன் கையில் இரண்டு ராஜா, மேசையில் இருவருக்கும் பொதுவாக விரித்த சீட்டுகளில் ஒரு ராஜா. மூன்று ராஜா வைத்திருப்பவன் யோசிக்கவே வேண்டியதில்லை. அவன் நிமிர்ந்து செண்பகத்தின் முகத்தைப் பார்த்தான். அவள் அவனைப் பார்த்துக்கொண்டிருந்தாள். பார்த்தவள் சிரித்தாள். உதட்டோரச் சிரிப்பு இல்லை; கண், கன்னம், காது வரைக்கும் போகிற சிரிப்பு. சிரித்துக்கொண்டே தன்னிடமிருந்த காய்களையெல்லாம் இரண்டு கையாலும் நடுவே தள்ளினாள்.

பூபாலனுக்கு அந்த முகம் தெரியும். அந்த முகத்துக்குப் பொய் சொல்ல வராது. மூன்று ராஜாவை மிஞ்சுகிற மாதிரி ஐந்து ஆட்டின் சீட்டுகள் சேர்ந்திருக்க வேண்டும் அவளிடம். அவன் கையிலிருந்த இரண்டு ராஜாவையும் கவிழ்த்தான்.

செண்பகம் தன் சீட்டைத் திருப்பிக் காட்டினாள். ஒரு ஜோடி ஒன்பது. வேறு எதுவுமில்லை. சுத்தமான வெத்துவேட்டு.

அரங்கம் இடிந்து விழுகிற மாதிரி சிரித்தது. ஏழு கவிகையிலும் பார்த்துக்கொண்டிருந்த நாலு லட்சம் பேர் சிரித்தார்கள். முகம் படிக்கிற மன்னன் மூன்று ராஜாவைக் கவிழ்த்துவிட்டுப் பெண்டாட்டியிடம் தோற்றான். மேசை மேலாளர் ராயப்பன்கூட முகத்தைத் திருப்பிக்கொண்டு தோளைக் குலுக்கினார்.

அந்த ஆட்டத்துக்கு ஒரு வழக்கம் உண்டு. தோற்றவர் உரை என்று பெயர். தோற்றவர் ஒலிவாங்கி முன் நின்று, ஜெயித்தவரின் ஆட்டத்தைப் பற்றி ஐந்து நிமிஷம் பேச வேண்டும். ஜெயித்தவர் கோப்பையோடு பக்கத்தில் நின்று கேட்க வேண்டும். பதில் பேசக் கூடாது. தோற்றவனின் எரிச்சல் அங்கேயே தணிந்து போகட்டும் என்று யாரோ நல்ல மனசோடு ஏற்படுத்தியது. வழக்கமாக இரண்டு வார்த்தை புகழ்ந்துவிட்டு இறங்கிவிடுவார்கள்.

பூபாலன் ஐந்து நிமிஷத்தையும் எடுத்துக்கொண்டான்.

இது திறமை இல்லை என்று ஆரம்பித்தான். முள் உடைந்த அழுத்தமானி சில சமயம் சரியான எண்ணைக் காட்டும், அதற்காக அதை நம்பிக் கூரை கட்டுவீர்களா என்று கேட்டான். சிரித்தார்கள். சிரிப்பு அவனுக்கு இதமாக இருந்தது. சற்று முன் அவனைப் பார்த்துச் சிரித்த அதே வாய்கள். செண்பகத்தின் ஆட்டத்தில் பாணியும் கிடையாது, பயிற்சியும் கிடையாது, அரிசி டப்பாவைத் திறந்து காட்டுகிற மாதிரி முகத்தைத் திறந்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாள் என்றான். இனிமேல் இவளிடம் யாரும் ஏமாற வேண்டாம், இவள் முகத்தில் பத்தொன்பது கசிவு இருக்கிறது, எண்ணிக்கொள்ளுங்கள் என்று விரலை மடக்க ஆரம்பித்தான்.

நல்ல சீட்டு என்றால் கீழுதட்டை ஈரப்படுத்துவாள். ஒன்று. பயந்தால் வலது காதுமடலைப் பிடிப்பாள். இரண்டு. அவன் சொல்லச் சொல்ல, கோப்பையோடு நின்றவள் அதையெல்லாம் ஒவ்வொன்றாகச் செய்தாள். கேட்டவுடன் கை தானாகப் போனது. மாடம் குலுங்கியது. பொய் சொல்லும்போது இடது கால் கட்டைவிரலை மடக்குவாள். வெட்கப்பட்டால் தோள்பட்டைக்குக் கீழே சிவக்கும். தூங்குகிற மாதிரி நடிக்கும்போது மூச்சை மூன்று எண்ணி விடுவாள். பத்தொன்பதில் பன்னிரண்டை எந்த மேசையிலும் யாரும் பார்த்திருக்க முடியாது. அவை பதினான்கு வருஷம் ஒரே வீட்டில் இருந்தவனுக்குத்தான் தெரியும்.

"கடைசி ஒண்ணு" என்றான் பூபாலன். "மனசு உடைஞ்சுபோச்சுன்னா அழமாட்டா. எதிர்ல இருக்கறவங்ககிட்ட சாப்டீங்களான்னு கேப்பா. பத்தொன்பது. அவ்வளவுதான் ஆட்டம்."

கைதட்டல் அடங்க வெகு நேரமாயிற்று. செண்பகம் கோப்பையை மேசை மேல் வைத்தாள். இரண்டு படி இறங்கி அவனருகே வந்தாள். ஒலிவாங்கி இன்னும் உயிரோடு இருந்தது.

"சாப்டீங்களா?" என்று கேட்டாள்.

நான்காம் கவிகையின் வரலாற்றில் அப்படி ஒரு சிரிப்பு அதற்கு முன்னும் இல்லை, பின்னும் இல்லை.

மறுநாள் காலையில் அவள் வாளியோடு வேலைக்குப் போனாள். கவிகைவாசிகள் எல்லார் கழுத்திலும் ஒரு மூச்சுக்கவசம் தொங்கும். கசிவு என்று சங்கு ஊதினால் இழுத்து மூக்கில் மாட்டிக்கொள்ள வேண்டும். செண்பகம் கடைத்தெரு வழியாக நடந்தபோது காய்கறி அடுக்கிக்கொண்டிருந்தவர் அவளைப் பார்த்ததும் கவசத்தை இழுத்து மாட்டிக்கொண்டார். பக்கத்துக் கடைக்காரர் மாட்டினார். அதற்கப்புறம் அவள் போகிற பாதை நெடுக, அலை மாதிரி, ஒவ்வொருவராக மாட்டிக்கொண்டார்கள். யாரும் ஒரு சொல் பேசவில்லை. சும்மா விளையாட்டுத்தான். மெய்க்கண்ணில் பார்த்தால் ஒருவர் முகத்திலும் துளிப் பகை கிடையாது.

அலுவலகத்தில் மேற்பார்வையாளர், உன் முகத்துல நுரை தடவினா எத்தன குமிழ் வரும்மா என்று கேட்டார். அவளும் சிரித்தாள். சிரித்தபடியே காதுமடலைப் பிடித்தாள். உடனே இரண்டு என்றார் ஒருவர்.

வீட்டில் பூபாலன் சமாதானம் சொல்லிப் பார்த்தான். ஆட்டத்தைத்தான் சொன்னேன், உன்னைச் சொல்லவில்லை என்றான். மெய்க்கண் அவளுக்குத் தொண்ணூற்றெட்டு என்று காட்டியது. அவன் பொய் சொல்லவில்லை. அதுதான் அவளுக்கு இன்னும் கஷ்டமாக இருந்தது.

"வீட்டுல சொல்லியிருக்கலாம்ல" என்றாள் செண்பகம். "கால் கட்டைவிரல மடக்கறேன்னு எனக்கே தெரியாதுங்க. ஊரே தெரிஞ்சுக்கிட்ட அன்னைக்குத்தான் நானும் தெரிஞ்சுக்கிட்டேன்."

இருநூறு லிட்டர் தண்ணீருக்கான சீட்டு அலமாரியிலேயே கிடந்தது. மூன்றாம் வாரம் அதை வேறு யாருக்கோ கொடுத்துவிட்டாள்.

நான்காம் வாரம் முகப்பூட்டு வைத்துக்கொண்டாள்.

முகப்பூட்டு அப்போது புதிது. விபத்தில் முகம் இழுத்துக்கொண்டவர்களுக்காகச் செய்தது. காதுக்குப் பின்னால் இரண்டு ஊசி, அரை மணி நேர வேலை. முகத்துக்குப் போகிற நரம்புகளை ஒரு மென்பசை போர்த்திவிடும். பேசலாம், சாப்பிடலாம், கண் சிமிட்டலாம். அதற்கு மேல் எதுவும் நகராது. சிவக்காது, வெளுக்காது, கண்மணிகூட விரியாது. வேலை முடிந்து அவள் வீட்டுக்கு வந்தபோது, பூபாலன் கதவைத் திறந்து அவளைப் பார்த்தான். அவன் கண்ணோரத்தில் வாழ்க்கையில் முதல்முறையாக எண் வரவில்லை. இரண்டு சொற்கள் வந்தன: தரவு இல்லை.

அவள் முகம் அழகாகத்தான் இருந்தது. யாரோ நன்றாகச் செய்து அலமாரியில் வைத்த முகம்.

"வலிச்சுதா?" என்று கேட்டான்.

"இல்லைங்க."

"நிஜமாவா?"

அந்தச் சொல் அவன் வாயிலிருந்து அதற்கு முன் வந்ததே இல்லை. மெய்க்கண் போட்டவர்களுக்கு அது தேவைப்பட்டதில்லை. பழைய ஒலிப்பதிவுகளில் பூமிக்காரர்கள் அப்படிக் கேட்பதைக் கேட்டிருக்கிறான், அவ்வளவுதான். அன்றைக்கு வந்த சொல் அப்புறம் வீட்டை விட்டுப் போகவே இல்லை. தலைவலி இல்லை என்றால் நிஜமாவா. தூக்கம் வருகிறது என்றால் நிஜமாவா. கோபமெல்லாம் போய்விட்டது என்றாள் ஒரு நாள். பூபாலன் அவள் முகத்தை உற்று உற்றுப் பார்த்துவிட்டு, நிஜமாவா என்றான்.

செண்பகம் தட்டைக் கழுவிக் கவிழ்த்துவிட்டு வந்து எதிரே உட்கார்ந்தாள்.

"ஒண்ணு சொல்றேன். அன்னைக்கு நான் சீட்டப் பாத்துச் சிரிக்கலங்க. கையில ஒண்ணுமே இல்ல, சிரிக்க என்ன இருக்கு? நீங்க சட்டையில பட்டனை ஒண்ணு மாத்திப் போட்டுக்கிட்டு வந்திருந்தீங்க. அவ்வளவு பெரிய அரங்கத்துல, அவ்வளவு பெரிய ஆளு, காலர் ஒரு பக்கம் ஏறிக்கிட்டு. பாத்தேன், சிரிப்பு வந்துச்சு. உங்களப் பாத்துத்தான் சிரிச்சேன். சிரிச்சதும், தோத்தாத் தோத்துட்டுப் போறோம்னு காயெல்லாம் தள்ளிட்டேன்."

குரலில் ஏற்றமும் இல்லை இறக்கமும் இல்லை. மகிழ்ச்சி எத்தனை சதவீதம் என்று மெய்க்கண் காட்டும். எதனால் என்று அதற்குத் தெரியாது. அது பூபாலனுக்குத் தெரிந்திருக்க வேண்டும். அரங்கத்தில் ஐயாயிரம் பேருக்குத் தெரியாமல் போகலாம், அவனுக்குத் தெரிந்திருக்க வேண்டும். அதைச் சொல்லி அவள் கையைப் பிடித்திருந்தால் இந்தக் கதை இங்கேயே முடிந்திருக்கும்.

அவன் அவள் முகத்தைப் பார்த்தான். அதில் ஒன்றும் இல்லை. அந்த ஒன்றுமில்லாமையில் அவனுக்குப் பயம் வந்தது. பயத்தில் வாய் தானாகத் திறந்தது.

"நிஜமாவா?"

செண்பகம் எழுந்து உள்ளே போய்த் துணிமணிகளை எடுத்து வைத்தாள். ஆட்டக்காரர்கள் குடியிருப்பில் ஓர் அறை காலியாக இருந்தது. அன்றைக்கே போய்விட்டாள்.

பூட்டைத் திறந்துவிடலாம் என்று பூபாலன் நம்பிக்கொண்டிருந்தான். திறந்துவிட்டால் ஒரே ஒரு தடவை அவள் முகத்தைப் பார்த்து மன்னிப்புக் கேட்கலாம், மன்னித்தாளா இல்லையா என்று தெரிந்துபோகும். அது ஒன்றுதான் அவனுக்கு வேண்டியிருந்தது. கோப்பையும் வேண்டாம், மேசையும் வேண்டாம். ராயப்பன் மூலமாகச் சொல்லி அனுப்பினான். ராயப்பன் போய்க் கேட்டுக்கொண்டு வந்தார்.

"அண்ணே, டாக்டர்கிட்ட அவங்களே போய்க் கேட்டாங்களாம். ஆறு மாசம் தாண்டிருச்சுல்ல, நரம்பு மறந்துருமாம். பூட்ட எடுத்தாலும் முகம் இனி அப்படியேதான் இருக்குமாம்."

"அவளே போய்க் கேட்டாளா? எப்ப?"

"போன வாரம்."

"கேட்டுட்டு என்ன சொன்னா? வருத்தப்பட்டாளா?"

ராயப்பன் தரையைப் பார்த்தார். "எப்படிண்ணே தெரியும்?"

இதற்கிடையில் ஊரில் வேறொன்று நடந்துகொண்டிருந்தது. பத்தொன்பது கசிவுகள் உரையை ஏழு கவிகைகளும் திரும்பத் திரும்பப் போட்டுப் பார்த்தன. அது ஒரு விளையாட்டாயிற்று. ஒருத்தி தன் மாமியாரின் கசிவுகள் என்று இருபத்திரண்டை வெளியிட்டாள். மாணவர்கள் ஆசிரியரின் கசிவுகளை வெளியிட்டார்கள். நிச்சயம் பண்ணிய மாப்பிள்ளையின் கசிவுகளைப் பெண்ணின் தோழிகள் பட்டியல் போட்டார்கள். எல்லாம் ஆட்டத்துக்குத்தான், ஆளைச் சொல்லவில்லை. ஒரு மாசத்துக்குள் யாருடைய முகம் எங்கே எப்படித் துடிக்கும் என்று முன்பின் தெரியாதவர்களுக்கெல்லாம் தெரிந்துபோனது. பூட்டு வைக்கிற மருத்துவமனைகளில் வரிசை நின்றது. முதலில் ஆட்டக்காரர்கள், அப்புறம் அதிகாரிகள், அப்புறம் புதுசாகக் கல்யாணமானவர்கள், கடைசியில் எல்லாரும். ஒரு வருஷத்துக்குள் நாலு லட்சம் பேரில் மூன்றரை லட்சம் பேருக்கு முகம் பூட்டியிருந்தது. மெய்க்கண்கள் தெருவில் போவோர் வருவோர் எல்லார் மேலும் ஒரே இரண்டு சொற்களை எழுதிக்கொண்டே போயின.

பூபாலன் பூட்டிக்கொள்ளவில்லை. அவள் எப்போதாவது எதிரே வந்தால் தன் முகமாவது அவளுக்குத் தெரியட்டும் என்று விட்டுவைத்திருந்தான். சந்தையில் வைத்து ஒரு தடவை அவனுக்கு அழுகை வந்துவிட்டது. சுற்றியிருந்தவர்கள் அநாகரிகத்தைப் பார்த்ததுபோல விலகிப் போனார்கள்.

பூட்டிய முகங்களோடு வாழ்வது லேசாக இல்லை. கடையில் சிரிப்புக்குச் சொன்னது சண்டையாயிற்று. சண்டை போட்டது தெரியாமல் இரண்டு வீட்டார் விருந்துக்குப் போய் வந்தார்கள். ஒரு குழந்தை, அம்மாவுக்குத் தன் மேல் பிரியமா இல்லையா என்று ஆட்சிக்குழுவுக்கு மனு எழுதிப் போட்டது. ஆட்சிக்குழு மறுபடி மண்டையை உடைத்துக்கொண்டது. பூட்டை எடுக்க வழியில்லை. மனசில் இருப்பதை வெளியே காட்ட வேறு ஏதாவது வேண்டும். எளிதாக இருக்க வேண்டும், எல்லாருக்கும் புரிய வேண்டும். கடைசியில் ஓர் இளநிலைப் பொறியாளர் கண்டுபிடித்தார். அவருக்கு விருது கொடுத்தார்கள்.

முகவில்லை என்று பெயர். சட்டைப் பையின் மேல் குத்திக்கொள்ள ஒரு வட்டத் தகடு. விரலால் தொட்டால் அதில் படங்கள் மாறும். மொத்தம் நாற்பத்திரண்டு. மஞ்சளாக, உருண்டையாக, பந்து மாதிரி சின்னச் சின்ன முகங்கள். ஒன்று சிரிக்கும், ஒன்றுக்குக் கண்ணில் ஒரு நீலச் சொட்டு, ஒன்றுக்குக் கோபத்தில் கன்னம் சிவந்திருக்கும், ஒன்றின் கண் இருக்கிற இடத்தில் இரண்டு சிவப்பு இதயம். பேசும்போது பொருத்தமானதைத் தொட்டுக் காட்ட வேண்டும். துக்க வீடுகளில் நீலச் சொட்டைக் காட்டிவிட்டு நகர்ந்தார்கள். இது மனித உறவுகளில் ஒரு புது யுகம் என்று ஆட்சிக்குழுத் தலைவர் அறிவித்தார். அறிவித்துவிட்டுச் சிரிக்கிற மஞ்சள் முகத்தைத் தொட்டார்.

அந்த வருஷம் பூமியின் நிலவில் நடக்கிற கோள்களுக்கிடையிலான போட்டிக்குச் செவ்வாயின் சார்பில் செண்பகம் தேர்வானாள். போவதற்கு எட்டு மாசம், போட்டி ஒரு வருஷம். அதன் பிறகு நிலவிலேயே தங்கிப் பயிற்சி தரலாம் என்றும் அவளுக்கு அழைப்பு இருந்தது. தங்கினாலும் தங்கலாம், திரும்பினாலும் திரும்பலாம். அவள் இன்னும் பதில் சொல்லவில்லை என்று ராயப்பன் தெரிந்துகொண்டு வந்து சொன்னார்.

கப்பல் காலை பத்தரைக்கு. பூபாலன் எட்டு மணிக்கே ஏறுதளத்துக்குப் போய்விட்டான். வழியனுப்ப வந்தவர்கள் கூட்டம் கூட்டமாக நின்றார்கள். ஒருவர் முகமும் அசையவில்லை. எல்லார் நெஞ்சிலும் மஞ்சள் உருண்டைகள் மின்னி மின்னி மாறிக்கொண்டிருந்தன. செண்பகம் சாம்பல் நிறப் பயண உடுப்பில் வந்தாள். கொஞ்சம் இளைத்திருந்தாள். அவனைப் பார்த்ததும் நின்றாள்.

பூபாலன் பேச வேண்டியதையெல்லாம் எழுதி மனப்பாடம் செய்துகொண்டு வந்திருந்தான். ஐந்து நிமிஷ உரை. ஒன்றும் வரவில்லை.

"நான் செஞ்சது தப்பு செண்பகம்" என்றான். "ஆட்டத்தச் சொல்லல. உன்னத்தான் சொன்னேன். தோத்துட்டேங்கற எரிச்சல்ல சொன்னேன்."

அவன் முகம் முழுக்க நனைந்திருந்தது. பக்கத்தில் நின்றவர்கள் தள்ளிப் போனார்கள். செண்பகம் போகவில்லை. உடுப்பின் கையால் அவன் கன்னத்தைத் துடைத்தாள். ஒரு குழந்தைக்குத் துடைப்பது போல இருந்தது. எதன் மேலோ படிந்த தூசியைத் துடைப்பது போலவும் இருந்தது. அவனால் பிரித்துச் சொல்ல முடியவில்லை.

சங்கு ஊதியது. அவள் பையைத் தோளில் மாட்டினாள்.

"வரேங்க" என்றாள்.

பூபாலனுக்கு உள்ளே என்னவோ துள்ளி எழுந்தது. எழுந்த வேகத்திலேயே நின்றது. வரேன் என்றால் திரும்பி வருகிறேன் என்றும் அர்த்தம். வரேன் என்றால் போகிறேன் என்றும் அர்த்தம். திரும்பவே போவதில்லை என்று தெரிந்தவர்களும் வாசலில் நின்று அதைத்தான் சொல்வார்கள். போகிறேன் என்று சொல்ல அந்தப் பாஷையில் யாருக்கும் வாய் வந்ததில்லை. முன்பெல்லாம் அது எந்த வரேன் என்று முகத்தைப் பார்த்தால் தெரிந்துவிடும்.

"எந்த வரேன்?" என்று கேட்டான். நிஜமாவா என்று கேட்காமல் இருக்க அவன் பல்லைக் கடிக்க வேண்டியிருந்தது.

செண்பகம் அதற்குள் நகரும் படியில் கால் வைத்துவிட்டாள். படி அவளை மெல்ல மேலே கொண்டுபோனது. அவள் திரும்பி நின்று அவனைப் பார்த்தாள். கேட்டது காதில் விழுந்தது என்று தெரிந்தது. பதில் சொல்ல வாய் திறந்தாள், இரைச்சலில் கேட்காது என்று விட்டுவிட்டாள். கை நெஞ்சிலிருந்த வில்லைக்குப் போனது. விரல் இரண்டு மூன்று முகங்களைத் தள்ளிவிட்டு, ஓரிடத்தில் தயங்கி, இன்னும் ஒன்றைத் தள்ளி நின்றது. தொட்டாள்.

கப்பல் கதவு மூடிக்கொண்டது. கதவின் வட்டக் கண்ணாடிக்குப் பின்னால் அவள் நெஞ்சு மட்டத்தில் அது மஞ்சளாகத் தெரிந்தது. பூபாலன் கூட்டத்தை இடித்துக்கொண்டு தடுப்புக் கம்பி வரை ஓடினான். எக்கி நின்று, கண்ணை இடுக்கிக்கொண்டு, ஏழு கவிகைகளிலும் இணையில்லாதவன் என்று பேர் வாங்கிய அந்த வெறும் கண்ணால் அதைப் படித்தான்.

இரண்டு புள்ளி. கீழே ஒரு வளைவு. சிரிக்கிற முகம். நாற்பத்திரண்டு படங்களில் முதலாவது. என்ன சொல்வதென்று தெரியாதபோது எல்லாரும் தொடுகிற படம்.